பத்து வாசலுக்குப் பதினாலு பேர்

திருவாழி அன்றைக்குக் காலையிலும் அதே கேள்வியைத்தான் கேட்டார்.

"அம்மை, நான் என் மகளுக்கு என்ன குறை வச்சேன்?"

குழல்வாய்மொழி அம்மை கிணற்றடியில் உட்கார்ந்து அடுக்களைக் கரியைக் கையிலிருந்து தேய்த்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்த்தார்.

திருவாழி போலீசில் ஏட்டாக இருந்து ஓய்வு பெற்றவர். அறுபதைத் தாண்டிய ஆள். அம்மைக்கு அவரைவிடப் பதினைந்து வயது குறைவு. கல்லூரியில் வேதியியல் நடத்திக்கொண்டிருந்தவர், ஒருநாள் எல்லாவற்றையும் விட்டுவிட்டு இந்த மலைமேல் வந்து ஒரு சின்ன மடத்தை வைத்துக்கொண்டார். 'சின்னப் பொம்பளை காலடியில போய் உக்காந்திருக்கியே, உனக்குக் கிறுக்கா?' என்று திருவாழியின் சொந்தக்காரர்கள் கேட்காமல் இல்லை. அவருக்கு அதெல்லாம் பொருட்டில்லை. அந்த ஒரு கேள்வி அவரைத் தூங்கவிடாமல் அரித்துக்கொண்டிருந்தது. அதற்குப் பதில் தெரிந்தால் போதும், யார் காலடியிலும் உட்காருவார்.

"தாயில்லாப் பிள்ளை அம்மை. பீஸு ஒரு நாள் தள்ளிக் கட்டினதில்லை. தினம் அவ பையைப் பாத்துருவேன். அஞ்சு நிமிஷம் லேட்டா வந்தா எங்க, யார்கூட, எதுக்குன்னு விசாரிக்காம விட்டதில்லை. எந்த அப்பன் இப்படிப் பாப்பான்?"

"ஒரு பையனைப் பிடிச்சிருக்குன்னு சொன்னாளே?"

"அவனை ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டு பெஞ்சில உக்கார வச்சேன். ஒரு பகல் பூராவும். அடிக்கலை. நெஞ்சில கை வச்சுச் சொல்லுதேன், ஒரு அடி அடிக்கலை."

பையன் ஊரைவிட்டே போய்விட்டான். மகள் ஆவுடை வீட்டைவிட்டுப் போய்விட்டாள். இப்போது மலையடிவாரத்தில், எழுந்து நடமாட முடியாத நோயாளிகள் இருக்கும் இல்லத்தில் நர்ஸாக இருக்கிறாள். அப்பாவிடம் பேச்சு இல்லை. போன் செய்தால் எடுப்பதில்லை.

அந்த இல்லத்துக்கு மடத்திலிருந்துதான் சோப்பு போகும். நோயாளிகளைத் துடைத்துக் குளிப்பாட்ட, களி மாதிரி இளகின சோப்பு. அதைக் காய்ச்சும் வேலையைத் திருவாழி தானாகவே கேட்டு வாங்கிக்கொண்டார். ஏன் கேட்டார் என்பது மடத்தில் எல்லாருக்கும் தெரியும். யாரும் சொல்லிக்காட்டியதில்லை.

"கை கழுவ இந்தாங்க அம்மை," என்று மடியிலிருந்து ஒரு சோப்புத் துண்டை எடுத்து நீட்டினார். "நேத்து காய்ச்சினது. இந்தத் தடவை களியா இல்லை, கட்டியாவே இறுகிட்டு. கத்தி வச்சு வெட்டித்தான் அனுப்பினேன். எவ்வளவு நேர்த்தியா வந்திருக்கு பாருங்க."

அம்மை துண்டை வாங்கினார். விரலால் அழுத்தினார். ஓரம் சுண்ணாம்பு மாதிரி உதிர்ந்தது. விரலை நாக்கு நுனியில் தொட்டார்.

அடுத்த நொடி துப்பினார். தண்ணீர் மொண்டு கொப்பளித்தார். மறுபடியும் கொப்பளித்தார்.

"என்ன போட்டீங்க ஏட்டையா?"

"காரம்தான்."

"என்ன காரம்?"

"காஸ்டிக் பொட்டாஷ் தீர்ந்துட்டு. கடையிலயும் இல்லை. காஸ்டிக் சோடாதான் இருந்துது. ரெண்டும் காரம்தானேன்னு..."

"எவ்வளவு போட்டீங்க?"

"அதே எடை. ஒரு குண்டுமணி கூடவும் இல்லை, குறையவும் இல்லை."

"நாக்குல வச்சுப் பாத்தீங்களா?"

திருவாழி தரையைப் பார்த்தார்.

மடத்தில் அது ஒரு வழக்கம். சோப்பைக் கிண்டினவர் முதலில் தன் நாக்கு நுனியில் தொட்டுப் பார்க்க வேண்டும். சுருக்கென்று கடித்தால் காரம் மிச்சமிருக்கிறது என்று அர்த்தம். கடிக்காவிட்டால்தான் வெளியே போகலாம். சமையல்கட்டுக் கோமுவிலிருந்து அம்மை வரைக்கும் யாருக்கும் விலக்கில்லை. திருவாழிக்கு மட்டும் அது அசிங்கமாகப் பட்டது. தராசு இருக்கும்போது நாக்கு எதுக்கு?

"வண்டி எப்ப போச்சு?"

"இப்பத்தான்... இல்லை, நேரமாச்சு."

அம்மை எழுந்துவிட்டார். இல்லத்துக்குப் போன் போட்டார்கள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. காலையில் குளிப்பாட்டுகிற நேரம், அங்கே யாருக்கும் கை ஓயாது. டிரைவர் மாடசாமியின் போன் மடத்து ஜன்னலிலேயே சார்ஜில் கிடந்து அடித்தது. திருவாழி மகளின் எண்ணை அமுக்கினார். போகவே இல்லை. அவர் நம்பரை அவள் எப்போதோ தடுத்து வைத்திருந்தாள். அம்மை தன் போனிலிருந்து அடித்துப் பார்த்தார். அதையும் யாரும் எடுக்கவில்லை.

"மொபெட்டை எடுங்க," என்றார் அம்மை.

திருவாழிக்குச் சாவி துவாரத்தில் இறங்கவில்லை. படுத்த படுக்கையாகக் கிடக்கிறவர்களின் தோல் காகிதம் மாதிரி இருக்கும். புண் வேறு. அதன்மேல் இதைத் தேய்த்தால்? தேய்க்கப்போவது யார் கை?

மலைப்பாதையில் வளைவுக்கு வளைவு மொபெட் சறுக்கியது. அம்மை பின்னால் உட்கார்ந்து சீட்டைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"கோமு சொல்லியிருக்கணும்," என்று கத்தினார் திருவாழி. "பொட்டாஷ் தீரப்போகுதுன்னு முன்னாடியே சொல்லியிருந்தா... அந்தக் கடைக்காரன் ஒரு வார்த்தை..."

"விசாரணை அப்புறம். ரோட்டைப் பாருங்க."

ஒரு வளைவு போனது.

"எடை பிசகலையே அம்மை! அப்புறம் எப்படிக் கடிக்கும்?"

"பந்தோபஸ்து போட்டிருக்கீங்கல்ல ஏட்டையா?"

"அதுலதான் தலை நரைச்சுது."

"ஒரு தெருவுல பத்து வாசல். வாசலுக்கு ஒரு ஆள். எத்தனை பேர் கேப்பீங்க?"

"பத்துப் பேர்."

"ஆளை எண்ணாம, எடை போட்டு லாரில ஏத்தி அனுப்பினா?"

"எந்தக் கிறுக்கன் அப்படி அனுப்புவான்?"

"நேத்து நீங்க அனுப்பினீங்க."

திருவாழி அடுத்த வளைவில் பிரேக்கை அழுத்தினார்.

"பொட்டாஷ் தடியன். சோடா ஒல்லி. பத்துத் தடியன் எடைக்கு ஒல்லியன் பதினாலு பேர் வருவான். எண்ணெயில இருக்கிறது பத்து வாசல்தான். பத்துப் பேர் நின்னாச்சு. வாசல்ல நின்னவன் கையில லத்தி இருக்காது. எண்ணெயோட சேந்துட்டா காரம் காரமா இருக்காது, எண்ணெயும் எண்ணெயா இருக்காது. ரெண்டும் சேந்து வேற ஒண்ணாயிரும். மீதி நாலு பேருக்கு நிக்க வாசல் இல்லை. லத்தி கையிலயே இருக்கு. என்ன செய்வான்?"

திருவாழிக்கு அது நன்றாகத் தெரியும்.

"சொல்லுங்க."

"கண்ணுல பட்டவனை அடிப்பான்."

"அதான். எண்ணெய் கிடைக்காத காரம் தோலைத் தேடும். தோல்லயும் கொழுப்பு இருக்குல்ல."

இல்லத்து வாசலில் மாடசாமியின் வண்டி நின்றது. பெட்டியை இறக்கியாகிவிட்டது. திருவாழி மொபெட்டை ஸ்டாண்ட் போடக்கூட நிற்கவில்லை. அது பின்னால் சாய்ந்து விழுந்த சத்தம் கேட்டது. அவர் ஓடினார்.

கூடத்தில் வரிசையாகக் கட்டில்கள். ஓரக் கட்டிலில் ஒரு பெரியவரை ஒருக்களித்துப் படுக்க வைத்து முதுகைத் திறந்திருந்தார்கள். பக்கத்தில் ஸ்டூல்மேல் பேசின். தண்ணீரில் நுரை. ஆவுடை துணியை அதில் முக்கப் போனாள்.

"யாரு அதைத் தொட்டது? யாரு கரைச்சது? எடுடா அதை!"

முப்பது வருஷத்து ஸ்டேஷன் குரல். கூடமே விறைத்துப் போனது. மாடசாமி கையிலிருந்த வாளியை நழுவவிட்டான். கட்டிலில் கிடந்த பெரியவர் என்ன ஏதென்று தெரியாமல் தலையைக் கைகளுக்குள் பொத்திக்கொண்டு நடுங்க ஆரம்பித்தார்.

ஆவுடை துணியைக் கீழே வைத்தாள். பெரியவரின் தோளில் கை வைத்தாள். "ஒண்ணுமில்லை தாத்தா. ஒண்ணுமில்லை." பிறகு திரும்பினாள். அப்பாவைப் பார்த்ததும் அவள் முகம் கதவைச் சாத்தினாற்போல் ஆகிவிட்டது.

"இங்க சத்தம் போடக்கூடாது. வெளிய போங்க."

திருவாழி அவள் முகத்தைப் பார்க்கவில்லை. அவள் முன்கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். உள்பக்கம், மணிக்கட்டுக்கு மேலே, உள்ளங்கை அகலத்துக்குச் சிவந்து தடித்திருந்தது.

"அது என்ன, ஏளா?"

"எதையும் என் கையில தேச்சுப் பாத்துட்டுத்தான் இவங்களைத் தொடுவேன். தேச்சப்ப ஒண்ணும் தெரியலை, இப்பத்தான் எரிய ஆரம்பிக்குது." அவள் பேசினைப் பார்த்தாள். அவளுக்கும் விளங்கிவிட்டது. "யார் காய்ச்சினது இதை?"

திருவாழிக்குப் பெயர்கள் வாயில் தயாராக இருந்தன. கோமு. கடைக்காரன். மாடசாமிகூட இருந்தான், போனை மறந்துவிட்டு வந்தவன். ஆயுள் பூராவும் அவர் கேட்டுப் பழகிய கேள்வி அது. அதைக் கேட்டால் எதிரே இருப்பவன் ஏன் அடுத்தவன் பெயரைத் தேடுகிறான் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

"நான்தான்," என்றார். "நான்தான் தப்பாப் போட்டுட்டேன். அந்தத் தண்ணியத் தொடாத தாயி."

பின்னால் வந்த அம்மை பேசினை அப்படியே எடுத்து ஓரமாக வைத்தார். ஆவுடையின் கையைப் பிடித்துக் குழாயடிக்குக் கூட்டிக்கொண்டு போனார். குழாயில் தண்ணீர் சொட்டுச் சொட்டாக வந்தது. தொட்டி நிறைய இருந்தது. ஆயா ஒருத்தி வினிகர் பாட்டிலைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தாள்.

"புளிப்பு ஊத்தினா காரம் முறிஞ்சிரும்ல அம்மை?"

"முறியும். முறியும்போது சூடு கிளம்பும். அந்தச் சூட்டையும் இந்தத் தோலே தாங்கணுமா? தண்ணி போதும். நிறைய." செம்பை மொண்டு திருவாழியிடம் நீட்டினார். "ஊத்துங்க."

திருவாழி ஊற்றினார்.

ஆவுடை கையை நீட்டிக்கொண்டு வேறெங்கோ பார்த்தாள். எரிச்சல் பொறுக்காமல் உதட்டைக் கடித்தாள். கண்ணில் நீர் முட்டியது. சின்ன வயசில் ஊசி போடும்போதும் இப்படித்தான், கத்த மாட்டாள். சாப்பிட்டியா? ஏன் இவ்வளவு மெலிஞ்சு போய்ட்ட? ஏன் என் போனை எடுக்கலை? எத்தனை வருஷம்? அந்தப் பையன் எங்க இருக்கான்? கேள்விகள் முண்டியடித்துக்கொண்டு தொண்டைவரை வந்தன.

"ஆவுடை, நீ ஏன்..."

அம்மை நிறைந்த செம்பை இன்னொரு முறை நீட்டினார்.

திருவாழி வாங்கி ஊற்றினார். பிறகு எதுவும் கேட்கவில்லை. ஒரு செம்பு, இன்னொரு செம்பு. தொட்டியில் தண்ணீர் இறங்கிக்கொண்டே வந்தது. வேட்டி நனைந்து காலோடு ஒட்டியது. தோள்பட்டை விட்டுப்போகிற மாதிரி வலித்தது. நிறுத்தப் பயமாக இருந்தது.

"அப்பா," என்றாள் ஆவுடை. "கை மரத்துட்டு. எரிச்சல் இல்லை. போதும்."

திருவாழி செம்பைப் பிடித்தபடியே நின்றார். 'அப்பா' என்ற அந்த வார்த்தையைக் கேட்டு எத்தனை காலமாயிற்று!

அவள் கையைத் துணியால் ஒற்றிக்கொண்டு கூடத்துக்குத் திரும்பினாள். நிலைப்படியில் ஒரு கணம் நின்றாள்.

"நல்ல சோப்பு எப்ப வரும்?"

"நாளைக்கு," என்றார் திருவாழி. அதற்குமேல் ஒரு வார்த்தை சேர்க்கவில்லை. சேர்க்காமல் இருக்க அவர் பட்ட பாடு அவருக்குத்தான் தெரியும்.

கட்டிகளைத் திரும்ப வண்டியில் ஏற்றி மடத்துக்குக் கொண்டுவந்தார்கள். குழி வெட்டிப் புதைத்துவிடலாம் என்றார் திருவாழி.

"எதுக்குப் புதைக்கணும்? அதுல கெட்டது ஒண்ணுமில்லை. அடுப்பைப் பத்தவைங்க."

கட்டிகளைச் சீவிக் கொப்பரையில் போட்டுத் தண்ணீர் விட்டு இளக்கினார்கள். அம்மை தேங்காய் எண்ணெய் டின்னைப் பக்கத்தில் வைத்தார். திருவாழி துடுப்பைப் பிடித்தார்.

"எவ்வளவு ஊத்தணும்? எடை சொல்லுங்க அம்மை, நிறுத்து வைக்கேன்."

"எடை எனக்குத் தெரியும். நீங்க நாக்குல வச்சுப் பாருங்க."

ஒரு செம்பு எண்ணெய் விட்டு, கை ஓயக் கிண்டி, துளி எடுத்து ஆறவைத்து, நாக்கு நுனியில் தொட்டார். சுரீரென்று மண்டைவரை ஏறியது. தலையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டு காறித் துப்பினார். கொப்பளித்தபோது கண்ணில் நீர் வந்துவிட்டது.

"கடிக்குதா?"

"கடிக்குது."

"ஊத்துங்க."

மறுபடி ஊற்றினார். மறுபடி கிண்டினார். மறுபடி தொட்டார்.

"இப்ப?"

"இன்னும் இருக்கு."

"ஊத்துங்க."

வெயில் தாழ்ந்தது. கோமு வந்து காப்பி வைத்துவிட்டுப் போனாள். குடித்தால் நாக்கு எரியும் என்று அவர் தொடவில்லை. எண்ணெய் டின் பாதிக்குக் கீழே போயிருந்தது. கொப்பரையில் உதிரி உதிரியாக நின்ற குழம்பு மெல்ல ஒன்றாகச் சேர்ந்து வழவழப்பாக வந்தது. திருவாழி துளியை எடுத்தார். கண்ணை மூடிக்கொண்டு நாக்கில் வைத்தார். காத்திருந்தார்.

ஒன்றும் கடிக்கவில்லை. சோப்பு ருசிதான் இருந்தது.

அவர் துடுப்பைக் கொப்பரை விளிம்பில் சாய்த்துவிட்டு அம்மையைப் பார்த்தார். இந்தத் தடவை மெல்லக் கேட்டார்.

"அம்மை, நான் அவளுக்கு என்ன குறை வச்சேன்?"

"குறை ஒண்ணும் வைக்கலை ஏட்டையா," என்றார் அம்மை. "மிச்சம்தான் வச்சீங்க."