நஞ்சு இறங்கியதா?

பாடம் முன்னால் வரும், பரீட்சை பின்னால் வரும் என்று உலகத்தார் நம்புகிறார்கள். பகலுக்குப் பின் இரவு என்பதைப் போல இதையும் யாரும் சந்தேகித்ததில்லை. ஆழ்ந்த வருத்தத்தோடு சொல்ல வேண்டியிருக்கிறது: இந்த நம்பிக்கை தவறு. இதனால் ஒரு பெண் செத்தாள்.

அவளுடைய பதினாறாம் நாள் சடங்கு முடிந்த மறுநாள், பிரமு மலையடிவாரத்துக்கு நடந்து வந்தாள்.

பிரமு மருத்துவச்சி. ஐம்பத்திரண்டு வயது. இருபது வருடங்களாக, பேறுகாலம் பார்க்கப் பெண்களுக்குக் கற்றுக்கொடுத்தும் வந்தாள்.

மலையடிவாரத்தில் இருந்தவள் உலகம்மை. பச்சிலையும் கடி வைத்தியமும் கற்றுக்கொடுப்பவள். வயது முப்பதைத் தாண்டியிருக்காது. ஆனாலும், கற்றுக்கொடுப்பதில் சிக்கல் வந்தால் அவளிடம்தான் போக வேண்டும் என்று அந்தப் பக்கத்தில் பேச்சு.

மூத்தவள் இளையவளை அம்மா என்றாள். இளையவள் மூத்தவளை அக்கா என்றாள். கணக்குச் சரியாகத்தான் இருந்தது.

"அம்மா, பொய் சொல்லுதவளை முன்கூட்டியே கண்டுபிடிக்க வழி இருக்கா?"

உலகம்மை வேர்களைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

"யாரு பொய் சொன்னா?"

"என்கிட்டப் படிச்சவ. மாடத்தின்னு பேரு."

பிரமு உட்கார்ந்தாள். மூச்சு வாங்கியது. நடந்து வந்ததால் மட்டும் அல்ல.

"நான் அன்னைக்கு வெளியூர் போயிருந்தேன். திடீர்னு ஒருத்திக்கு வலி வந்துட்டு. மாடத்தி தனியாப் போயிருக்கா. பிள்ளை நல்லாப் பிறந்துச்சு. இப்பவும் நல்லா இருக்கு. பெத்தவ அந்தி சாயுமுன்னே ரத்தம் போயிச் செத்துட்டா. பிள்ளைக்குப் பின்னால வரவேண்டிய நஞ்சு வயித்துக்குள்ளேயே தங்கியிருந்திருக்கு. குளிப்பாட்டின பொம்பளைக பார்த்துச் சொன்னாக."

"மாடத்தி என்ன சொன்னா?"

"அதைத்தான் சொல்ல வாரேன். 'நஞ்சு இறங்குச்சான்னு பார்த்தியா'ன்னு கேட்டேன். 'பார்த்தேன், இறங்கிட்டு'ங்கா. சூடத்தை அணைச்சுச் சத்தியம் பண்ணுதா, அம்மா! ஒரு உயிரு போயிருக்கு, அந்த வாய் கூசலையே. நீ பொய்க்காரி, இனி ஒரு பேறுக்கும் நீ போகக்கூடாதுன்னு ஊரறியச் சொல்லிட்டேன்."

உலகம்மை ஒரு வேரை எடுத்து வைத்துவிட்டு அடுத்ததை எடுத்தாள்.

"வார வெள்ளிக்கிழமை புதுசா எட்டுப் பேரு வாராக" என்றாள் பிரமு. "அதுல இன்னொரு பொய்க்காரி இருந்தா இன்னொரு உயிரு போகும். கண்டுபிடிக்க வழி இருந்தாச் சொல்லுங்க. இல்லேன்னா கத்துக்கொடுக்கிறதையே விட்டுருதேன்."

"மாடத்தி எப்படிப் படிச்சா?"

"ஏழு பேர்ல அவதான் முதல். பாடத்தை ஒரு எழுத்துப் பிசகாமச் சொல்லுவா. பிரியமும் உண்டு. பேறு பார்க்கக் கூட்டிட்டுப் போனா, பெத்தவளோட கண்ணிமையைத் தூக்கிப் பார்ப்பா. நகத்தை அமுக்கிப் பார்ப்பா. நாக்கை நீட்டச் சொல்லுவா. கூடப்பிறந்தவளைக் கவனிக்கிற மாதிரி."

"நீங்க என்ன செய்வீங்க?"

"நான் கால்மாட்டுல என் வேலையைப் பார்ப்பேன். பிள்ளை பெறாதவ கால்மாட்டுக்கு வரக்கூடாதுல்லா? அதனால மாடத்தி எப்பவும் தலைமாட்டுல. எல்லாத்தையும் துணியில சுருட்டிப் புதைக்கக் கொடுத்துட்டுத்தான் நான் எந்திரிப்பேன்."

உலகம்மையின் கை நின்றது.

"அக்கா, உங்ககிட்ட வரும்போது அவளுக்கு என்ன தெரியும்?"

"ஒண்ணும் தெரியாது."

"கேட்டீங்களா?"

"கேட்க என்னம்மா இருக்கு? ஒண்ணும் தெரியாததாலதானே படிக்க வாரா. பாடமே சொல்லாம பரீட்சை வைக்கச் சொல்லுதீகளா? நல்லா இருக்கே!"

பிரமு சிரித்தாள். அந்தச் சாவுக்குப் பிறகு அவள் சிரித்தது அதுதான் முதல் தடவை. உலகம்மை சிரிக்கவில்லை.

"அவ எந்த வீட்டுப் பொண்ணு?"

"ஆத்துக்கு அந்தப் பக்கம். அவ அய்யா ஏதோ தொழில் செய்யுதாரு. நான் போனதில்லை."

உலகம்மை கையைத் துடைத்துக்கொண்டாள். அறைக்குள்ளே பார்த்துக் குரல் கொடுத்தாள்.

"ஏளா வடிவு, இங்க வா."

ஒரு பெண் மருந்து அரைத்த கையோடு வந்து நின்றாள். கடி வைத்தியம் படிக்க வந்தவள். கன்னத்திலும் பச்சை அப்பியிருந்தது.

"இந்த அக்காவுக்கு நஞ்சு இறங்கிட்டான்னு பாரு."

பிரமுவுக்குச் சுருக்கென்றது. பிள்ளை பெறுகிற வயதா இது? இதென்ன கேலி?

வடிவு கேலியாக நினைக்கவில்லை. புறங்கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு பிரமுவின் முன்னால் குத்தவைத்தாள்.

பெருவிரலால் பிரமுவின் கண்ணிமையைத் தூக்கிப் பார்த்தாள்.

கையைப் பிடித்து நகத்தை அமுக்கினாள். வெளுத்த நகம் மறுபடி சிவக்கும் வரை காத்திருந்தாள்.

"நாக்கை நீட்டுங்க, பெரியம்மை."

பிரமு நாக்கை நீட்டினாள்.

"இறங்கிட்டு" என்றாள் வடிவு. "சுத்தமா இறங்கிட்டு. என்ன கடிச்சுது, பெரியம்மை? பாம்பா?"

வடிவு ஒருத்தியை மாற்றி ஒருத்தியைப் பார்த்துவிட்டு, மிச்சம் இருந்ததை அரைக்க உள்ளே போனாள்.

பிரமுவின் நாக்கு நீட்டியபடியே இருந்தது.

"உள்ள போடுங்க, அக்கா" என்றாள் உலகம்மை. பிறகு மெதுவாக, "சோறு ஆக்கியிருக்கு. சாப்பிட்டுப் போங்க" என்றாள்.

பிரமு சாப்பிடவில்லை. வந்த வழியே திரும்பினாள். ஆற்றைக் கடந்தாள். மாடத்தியின் வீட்டை இரண்டு இடத்தில் விசாரிக்க வேண்டியிருந்தது.

வாசலில் ஒரு ஆள் காலை நீட்டிப் படுத்திருந்தான். கணுக்காலுக்கு மேலே துணிக்கட்டு. அவன் பக்கத்தில் உட்கார்ந்து அவனுடைய கண்ணிமையைத் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார் ஒருவர்.

"யாரு?" என்றார், திரும்பாமல்.

"பிரமு."

அவர் இமையை விட்டார். அடுத்து நகத்தை அமுக்கிப் பார்த்தார். அந்த வேலை முடிந்த பிறகுதான் பேசினார்.

"அவ யார்கிட்டயும் பேசுறதில்லை. பொய்க்காரின்னு நீங்க சொன்ன அன்னைக்கு மூடின வாய்."

"ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போயிருதேன்."

"சொல்லுங்க. கேட்காதீங்க."

உள்ளே மருந்து இடிக்கும் சத்தம் கேட்டது. பிரமு ஜன்னலருகே போய் நின்றாள். கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"மாடத்தி, நீ பொய் சொல்லலை. நான்தான் கேட்கலை."

இடிக்கும் சத்தம் நின்றது.

பிரமு நின்றுகொண்டே இருந்தாள். வாசலில் படுத்திருந்தவன் தண்ணீர் கேட்டான், குடித்தான், தூங்கிப்போனான். அதற்கும் வெகுநேரம் கழித்து இடிக்கும் சத்தம் மறுபடி தொடங்கியது.

வெள்ளிக்கிழமை எட்டுப் பேர் வந்தார்கள்.

பிரமு பாடம் சொல்லவில்லை. ஒவ்வொருத்தியையும் தனியே கூப்பிட்டு, வீடு எது, வீட்டில் என்ன தொழில் என்று கேட்டாள். கொடி என்றால் என்ன, பனிக்குடம் என்றால் என்ன, நஞ்சு என்றால் என்ன என்று கேட்டாள். கொடி என்றால் துணி காயப்போடுவது என்று ஒருத்தி சொன்னாள். பிரமு சரி என்றும் சொல்லவில்லை, தப்பு என்றும் சொல்லவில்லை. மறுநாள் வேறு கேள்விகளோடு மறுபடி கூப்பிட்டாள்.

இப்படிப் பதினோரு நாள் போயிற்று. பன்னிரண்டாம் நாள் பாடம் தொடங்கியது. எல்லோருக்கும் ஒரே இடத்திலிருந்து அல்ல.

அதற்குள், பிரமுவுக்கு வயதாகிவிட்டது, தன் பாடத்தைத் தானே மறந்துவிட்டுப் படிக்க வந்தவர்களிடம் கேட்டுத் தெரிந்துகொள்கிறாள் என்று ஊரில் பேச்சு எழுந்திருந்தது.

எட்டுப் பேரில் இரண்டு பேர், பாடம் நன்றாகத் தெரிந்த ஒருத்தியிடம் படிக்கலாம் என்று வேறு ஊருக்குப் போய்விட்டார்கள்.