இரண்டு பொட்டலங்கள்

ஆவுடையப்பன் வேர்க்க விறுவிறுக்க மடத்துக்கு வந்து சேர்ந்தபோது, குரு சொரிமுத்துச் சாமி பாகற்கொடிக்குப் பந்தல் போட்டுக்கொண்டிருந்தார். குருவுக்குச் சீடரைவிட ஏழெட்டு வயது குறைவு. அதைப் பற்றி இரண்டு பேருமே அலட்டிக்கொண்டதில்லை.

வந்தவர் இரண்டு கைகளையும் நீட்டினார். கைக்கொரு இலைப் பொட்டலம் இருந்தது.

"சாமி, உங்க கையால ஒண்ணை எடுத்துக் கொடுங்க."

"என்னவே, பூ கட்டிப் பார்க்கீரா?"

"ஆமா சாமி. ஒண்ணுல வெள்ளை, ஒண்ணுல சிவப்பு. வெள்ளை வந்தா பிள்ளையைக் கூட்டிட்டு வரணும். சிவப்பு வந்தா வேண்டாம்."

பிள்ளை விஷயம் குருவுக்குத் தெரியும். ஆவுடையப்பன் மனைவி கோமதிக்குத் தங்கை முறையானவள் பெண் குழந்தை ஒன்றைப் பெற்றுப் போட்டுவிட்டுக் கண்ணை மூடிவிட்டாள். தகப்பனும் இல்லை. பிள்ளை டவுன் ஆஸ்பத்திரியில் கிடந்தது. கேட்க ஆள் வராவிட்டால் அன்று சாயந்திரம் காப்பகத்துக்காரர்கள் வந்து தூக்கிப் போய்விடுவார்கள்.

"அம்மன் கோயில்ல வச்சு எடுத்துப் பார்த்தீரா?"

"பார்த்தேன். வெள்ளைதான் வந்துது."

"பிறகென்ன?"

"ஆசையில கை தப்பா எடுத்திருக்குமோன்னு திரும்ப மடிச்சு வச்சு எடுத்தேன். அதுவும் வெள்ளை. இன்னொரு தரமும் எடுத்தேன்."

"வெள்ளை."

"ஆமா சாமி."

"ஒரே கேள்வியை இத்தனை தரம் என்கிட்ட கேட்டிருந்தா நான் எழுந்து போயிருப்பேன். அம்மன் பொறுமைசாலிதான்."

ஆவுடையப்பன் சிரிக்கவில்லை.

"எனக்குப் பயமா இருக்கு சாமி. எங்க பையன் அஞ்சு மாசம்தான் இருந்தான். அவன் போனப்போ கோமதி ஒரு வருஷம் வாயைத் திறக்கல. இதுவும் போயிட்டா அவ தாங்க மாட்டா. நானும் தாங்க மாட்டேன்."

குரு கையில் இருந்த கயிற்றைக் கீழே போட்டார். ஒரு பொட்டலத்தை எடுத்துப் பிரித்தார். உள்ளே நந்தியாவட்டை, பால் வெள்ளை.

அதோடு விட்டிருக்கலாம். ஒன்றை எடுத்தால் மற்றதைப் பிரிக்காமல் சாமி காலடியில் போடுவதுதான் வழக்கம். ஆனால் நம்ம சாமிக்கு வழக்கமும் வாய்க்காலும் ஒன்றுதான், ஒரே தாண்டாகத் தாண்டிவிடுவார். மற்றதையும் பிரித்தார்.

அதிலும் நந்தியாவட்டை.

ஆவுடையப்பன் முழித்தார். சிவப்பு எங்கே போயிற்று என்று இலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"யாருவே கட்டினது?"

"கோமதிதான். நானே கட்டித் தாரேன்னு பிடுங்கிட்டுப் போனா."

சொரிமுத்துச் சாமிக்கு வந்ததே ஒரு சிரிப்பு, பந்தல் காலைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"சிரிக்காதீங்க சாமி. அம்மனையே ஏமாத்தியிருக்காளே பாவி மக."

"ஏமாத்தலவே. உமக்குப் பதில் வேணும். அவளுக்குப் பிள்ளை வேணும்."

"அப்போ அம்மன் ஒண்ணுமே சொல்லலையா? நான் எதை நம்பிப் போவேன்?"

குரு சிரிப்பை நிறுத்தினார். அருகில் வந்து ஆவுடையப்பன் தோளில் கை வைத்தார்.

"ஒண்ணு கேக்கேன், சொல்லும். உம்ம பையன் பொறக்குறதுக்கு முன்னாடி, அஞ்சு மாசம்தான்னு தெரிஞ்சே அம்மன் முன்னால பூ போட்டிருந்தா, எந்தப் பூ வரணும்னு வேண்டியிருப்பீரு?"

அந்தப் பயல் பல்லில்லாத வாயால் ஆவுடையப்பன் மூக்கைக் கவ்வுவான். எச்சில் வழியும். வீடே சிரிக்கும். எத்தனையோ வருஷம் நினைக்கவே பயந்த அந்த முகம் இப்போது பளிச்சென்று வந்து நின்றது. அவருக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன.

"வெள்ளை, சாமி."

"சரி. நாளைக்கு நடக்கறது அம்மன் பாடு. இன்னிக்குப் பிள்ளைக்குப் பால் ஆத்துறது உம்ம பாடு. அம்மன் வேலையையும் நீரே இழுத்துப் போட்டுக்கிட்டா, உம்ம வேலையை யாருவே பார்ப்பா? பஸ் வந்துரும், ஓடும்."