இறங்க மறுத்த குதிரை

"தாயே, இந்தச் சனியன் பிடிச்ச குதிரை இறங்கவே மாட்டேங்குது!"

மூச்சிரைக்க மடத்து வாசலில் வந்து நின்றார் தாண்டவராயன். அவர் திட்டியது யாரையோ என்பதுபோல, பின்னால் குதிரை அது பாட்டுக்குப் புல் மேய்ந்துகொண்டிருந்தது.

மடத்தின் குரு மெய்யம்மை. தாண்டவராயனைவிட வயதில் ரொம்பச் சின்னவர்.

"ஏறும்போது?"

"ஏறும்போது ஒரு குறையும் இல்லை. இறக்கத்தைக் கண்டா நின்னுடுது. கீழே ஊர்ல என் தம்பி சாகக் கிடக்கான். காலையில ஆள் வந்து சொல்லிட்டுப் போனான். நான் எப்பப் போய்ச் சேர்றது?"

"ஏறுங்க. பார்ப்போம்."

சரிவின் விளிம்புவரை மெய்யம்மை கூடவே நடந்தார்.

இறக்கம் தொடங்கியது. தாண்டவராயன் கட்டிலில் படுப்பவர்போல முதுகைப் பின்னால் சாய்த்தார். காலை முன்னால் நீட்டினார். கடிவாளத்தை இழுத்துப் பிடித்தார்.

குதிரை நின்றது.

"பார்த்தீங்களா! பார்த்தீங்களா!"

"கடிவாளத்தை ஏன் இந்த இழுவை இழுக்கறீங்க?"

"விட்டா உருண்டுடுமே தாயே!"

"தலையைக் குனிஞ்சாத்தானே அதுக்கு வழி தெரியும். விடுங்க. நிமிர்ந்து உட்காருங்க. காலை உங்களுக்கு நேர் கீழே வச்சுக்குங்க."

மனசே இல்லாமல் கொஞ்சம் விட்டார். குதிரை இரண்டு எட்டு வைத்தது.

கீழே ஊரின் ஓட்டுக் கூரைகள் தெரிந்தன.

தாண்டவராயன் மறுபடியும் பின்னால் சாய்ந்தார். கடிவாளம் இறுகியது. குதிரை நின்றது.

"இப்ப என்ன?"

அவர் பார்வை அந்தக் கூரைகள்மேலேயே இருந்தது. காற்று மட்டும் வீசியது. அந்த மலையில் எப்போதும் அது ஒன்றுதான் சத்தம்.

"எங்களுக்குள்ள பேச்சு நின்னு வருஷக்கணக்காச்சு தாயே," என்றார் கடைசியில். "என்ன சண்டைன்னுகூட இப்ப ஞாபகம் இல்லை. ஒரு தடவை வந்து 'அண்ணே'ன்னு கூப்பிட்டிருந்தா ஓடிப் போயிருப்பேன். வரலையே! அவன் இறங்கி வரட்டும், அவனே இறங்கி வரட்டும்னுதான் இங்கே ஒண்டியாக் கிடந்தேன். பேச ஆளில்லாம இந்தக் குதிரைகிட்ட பேசிக்கிட்டு..."

கடிவாளத்தை இன்னும் இறுக்கிப் பிடித்தார்.

"பெரியவன் நான். நானா போய் அவன் வாசல்ல நிக்கறது?"

மெய்யம்மை ஊரைப் பார்த்தார்.

"உங்க தம்பி கீழேதானே இருக்கார்?"

"ஆமா."

"அதுக்கும் கீழே குழிதான் இருக்கு. அதுல இறங்கட்டும்னு காத்திருக்கீங்களா?"

தாண்டவராயன் வாய்விட்டு அழுதார். முகத்தை இரண்டு கைகளாலும் பொத்திக்கொண்டு, தம்பி பேரைச் சொல்லிச் சொல்லி அழுதார்.

பாதிச் சரிவு தாண்டிய பிறகுதான் குதிரை நடந்துகொண்டிருப்பது அவருக்குத் தெரிந்தது.