ஓணானார் ஆமோதித்தார்

ஓணான் தலையை ஆட்டினால் ‘ஆமாம்’ என்று சொல்வதாக உலகம் நினைக்கிறது. இது சாதாரணப் பிழை அல்ல. தலைமுறை தலைமுறையாகத் திருத்துவாரின்றிக் கிடக்கும் பிழை. இன்றே திருத்திவிடுகிறேன். ஓணான் தலையாட்டினால் அதற்குப் பொருள் ஒன்றுதான்: “இது என் மரம். போய்விடு!”

வாயைத் திறந்து சொல்லலாமே என்பீர்கள். ஓணான் குலத்தில் அது மரியாதைக் குறைவு. இடத் தகராறு என்றால் தலையை ஆட்ட வேண்டும். வந்தவன் போகாவிட்டால் இன்னும் வேகமாக ஆட்ட வேண்டும். அவ்வளவுதான் அவர்கள் சட்டம்.

ஒரு காட்டுக் குட்டையின் கரையில் கருவேல மரம் ஒன்று நின்றது. அதில் ஓர் ஓணான் தனியாகக் குடியிருந்தது. கடுங்கோடை. குட்டை நாளுக்கு நாள் சுருங்கியது. நிழலுக்கு ஒதுங்கிய எருமை, வேறு வேலை இல்லாததால் ஒரு பெருமூச்சு விட்டது.

“இந்த வாழ்க்கைதான் எதற்கு? சேற்றில் படுத்துக் கிடப்பதற்குத்தானே?”

மேலே ஓணான் கோபமாகத் தலையை ஆட்டியது.

“ஆகா!” என்றது எருமை. “சோம்பேறி, சோம்பேறி என்று ஏசினார்களே! நான் சரியாகத்தான் வாழ்ந்திருக்கிறேன்!”

செய்தி பரவியது. மயில் வந்தது. “நான் ஆட, மற்றவர்கள் பார்க்க. இதற்குத்தானே சாமி பிறவி?” ஓணான் தலையாட்டியது. குரங்கு வந்தது. “அடுத்தவன் பறித்த பழம்தான் இனிக்கும். அதுதானே தத்துவம்?” ஓணானுக்கு வந்த கோபத்தில் கிளையே குலுங்கியது.

“எனக்கு மட்டும் அழுத்திச் சொன்னார், பார்த்தீர்களா!” என்று குரங்கு கரை முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தது.

காக்கை மட்டும் இடித்துப் பேசியது. “ஏன்டா குரங்கு, எருமைக்கு ஒன்று சொல்கிறார், மயிலுக்கு ஒன்று சொல்கிறார், உனக்கு வேறொன்று. ஒன்றோடொன்று ஒட்டவில்லையே?”

“ஒட்டாமல் இருந்தால்தான் ஆழம்! உன் மண்டைக்கு அதெல்லாம் எங்கே எட்டும்?”

காக்கை யோசித்தது. மண்டைக்கு எட்டாதவன் என்று பெயர் எடுப்பானேன்? அதுவும் போய் வரிசையில் நின்றது.

வரிசையின் கடைசியில் ஓர் ஆமை நின்றது. அதற்குத் தத்துவம் தேவைப்படவில்லை. தண்ணீர் தேவைப்பட்டது. மேட்டுக்கு அப்பால் பெரிய ஏரி இருந்தது. எருமைக்கு அது பொடிநடை. ஆமை கிளம்பினால் நடுவழியில் வெயிலில் கருகலாம். கிளம்பாவிட்டால் சேற்றோடு சேர்ந்து காயலாம்.

“அவசரப்படாதே ஆமையக்கா, பெரியவரைக் கேட்டுவிட்டுச் செய்” என்று எல்லோரும் அறிவுரை சொன்னார்கள். சொல்லிவிட்டு அதை முந்திக்கொண்டும் போனார்கள். ஆமையின் முறை வருவதற்குள் குட்டையில் பாதி காணாமல் போயிருந்தது.

“சாமி, நான் ஏரிக்குக் கிளம்பட்டுமா?”

ஓணான் தலையாட்டியது. கூட்டம் கைதட்டியது. ஆமைக்குக் கண் கலங்கியது. ஆனால் உயிர் விஷயம் அல்லவா? இன்னொன்றும் கேட்டது.

“இல்லை, இங்கேயே இருந்துவிடட்டுமா?”

ஓணான் அதற்கும் ஆட்டியது.

“ஞானியிடம் இரண்டாம் கேள்வி கேட்கலாமா? இங்கிதம் தெரியாத ஜென்மம்!” என்று மயில் முகத்தைச் சுளித்தது.

ஆமை விடவில்லை. “சாமி, நீங்கள் ஓணானே இல்லை, முதலைதானே?”

ஓணான் முன்னிலும் வேகமாக ஆட்டியது.

“முதலையா! மாறுவேடத்தில் வந்திருக்கிறாரா!” என்று கூட்டம் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தது.

ஆமை விழவில்லை. குட்டையைத் திரும்பிப் பார்த்தது. நடுக்குட்டையில் நின்ற கொக்குக்குக் கணுக்கால்கூட நனையவில்லை. ஆமை மேட்டைப் பார்த்து நடக்க ஆரம்பித்தது.

“எங்கே அக்கா கிளம்பிவிட்டாய்? வாழ்க்கையின் பொருள் தெரிய வேண்டாமா?” என்று குரங்கு கூவியது.

“தெரிந்துகொண்டு வருவதற்குள் வாழ்க்கை வற்றிவிடும், தம்பி!”

பகலில் புதருக்குள் பதுங்கியும் வெயில் தாழ்ந்ததும் நடந்தும் அது ஏரியை அடைந்தது. ஓடெல்லாம் புழுதி. நாக்கு வறண்டிருந்தது. வயிறு முட்டக் குடித்துவிட்டுக் கரையேறிய ஆமையை ஏரித் தவளைகள் சூழ்ந்துகொண்டன.

“குட்டைக்கரையிலிருந்தா வருகிறாய்? அங்கே ஒரு ஞானி இருக்கிறாராமே! வாழ்க்கையின் பொருள் என்னவாம்? சொல், சொல்!”

ஆமைக்குத் தூக்கம் கண்ணைச் சுழற்றியது. பேசாமல் தலையை ஓட்டுக்குள் இழுத்துக்கொண்டு உறங்கிப்போனது. தவளைகள் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன.

விடையைக் கையில் வைத்துக்கொண்டே கேள்வி கேட்பவருக்கு எந்தத் தலை அசைந்தாலும் அது ஞானமாகத்தான் தெரியும்.

மறுநாள் காலை ஆமை கண் விழித்தபோது, அதன் ஓட்டுக்கு முன்னால் ஒரு வரிசை நின்றுகொண்டிருந்தது.