காக்கா வராத அமாவாசை

முதலில் எனக்குக் கெடுதல் செய்தவன் பொன்னுலிங்கம். எங்கள் ஆம்புலன்ஸ் நிற்கும் இடத்துக்கு எதிரே டீக்கடை வைத்திருக்கிறான். அவன் பேரை நான் வாயால் சொல்வதில்லை. இங்கே எழுதத்தானே செய்கிறேன், பரவாயில்லை.

நடந்தது இதுதான். பஸ் ஸ்டாண்டில் ஒருவர் வலிப்பு வந்து விழுந்தார். நான் ஆம்புலன்ஸ் டிரைவர், வேலைக்குப் புதுசு. கையில் இரும்பைக் கொடுத்தால் வலிப்பு நிற்கும் என்று சின்ன வயதிலிருந்து பார்த்திருக்கிறேன். என்னிடம் இருந்த இரும்பு வண்டிச் சாவி. கொடுத்தேன்.

வலிப்பு தானாக நின்றது. மனிதர் சாவியை விடவில்லை. மூடிய கையோடு அயர்ந்து தூங்கிவிட்டார்.

அவரை வண்டியில் ஏற்றியாயிற்று. வண்டிதான் நகரவில்லை.

கூட்டத்தில் நின்ற பொன்னுலிங்கம் கேட்டான்: "ஏ சாவி, நாங்க வேணா தள்ளட்டுமாவே?"

அன்றிலிருந்து ஊருக்கே நான் சாவி. இசக்கியப்பன் என்று எனக்கு ஒரு பேர் இருப்பது என் மனைவிக்கும் ரேஷன் கடைக்கும் மட்டும்தான் தெரியும்.

எனக்கு வேறொன்றும் வேண்டாம். பேரை வைத்தவன், நாலு பேர் முன்னால் என்னை இசக்கியப்பன் என்று கூப்பிட வேண்டும். அதுவரை அவன் கடை டீ எனக்கு வேண்டாம். வெயிலில் பஸ் ஸ்டாண்டு வரை நடந்துபோய்க் குடித்துவிட்டு வருவேன்.

போகும்போதெல்லாம் எதிரே இருந்து குரல் வரும். "ஏ சாவி! பூட்டைத் தேடிப் போறீராக்கும்?"

*

எங்கள் வண்டியின் டெக்னீஷியன் ரஹ்மத் சிஸ்டர். என் மகள் வயதுதான். மருந்துப் பெட்டி அவர் பொறுப்பு. எனக்குக் குரு என்றால் அவர்தான்.

வண்டியில் நாங்கள் இரண்டே பேர். அதனால் அவர் ஒரு வழக்கம் வைத்திருந்தார். எந்த மருந்தை எடுத்தாலும் முதலில் என்னிடம் நீட்டுவார். யாருக்கு, என்ன மருந்து, எவ்வளவு, தேதி எதுவரை என்று நான் சத்தமாகச் சொல்ல வேண்டும். சொன்ன பிறகுதான் போடுவார்.

அதற்காகவே எனக்கு இங்கிலீஷ் எழுத்து சொல்லிக் கொடுத்தார்.

"அட்ரினலினும் அட்ரோபினும் ஒரே மாதிரிதான் ஆரம்பிக்கும் அண்ணாச்சி. கடைசி எழுத்து வரைக்கும் படிங்க. பாதியில விட்டா ஆளு போயிருவாரு."

ஒருநாள் நான் கேட்டேன். "சிஸ்டர், எதிர்க்கடைக்காரனை என்ன செய்யலாம்?"

மருந்துப் பெட்டியைத் தூக்கி என் மடியில் வைத்தார். "தேதி போனதை எடுங்க."

தேடிப் பார்த்து ஒரு அட்ரினலினை எடுத்தேன்.

"பார்க்க நல்லாத்தான இருக்கு? இன்னும் கொஞ்ச நாள் வச்சுக்குவோமா?"

"அதெப்படி சிஸ்டர்? தேதி போச்சுல்லா."

அவர் எதிர்க்கடையைக் கண்ணால் காட்டினார்.

எங்கே வருகிறார் என்று தெரிந்துவிட்டது.

"என் கோவத்துல தேதி அடிக்கலையே சிஸ்டர்" என்றேன்.

சிரித்துக்கொண்டே பெட்டியை வாங்கிக்கொண்டார்.

*

இன்னொரு நாள் கேட்டேன். "அவனுக்கே ஒண்ணு ஆச்சுன்னு வைங்க. அன்னைக்கு மட்டும் வண்டியைக் கொஞ்சம் மெதுவா ஓட்டலாமா?"

சிஸ்டர் என் விரலைப் பிடித்து நறுக்கென்று குத்தினார். சொட்டு ரத்தத்தைச் சர்க்கரை பார்க்கும் மிஷினில் வைத்தார்.

"நூத்திப் பத்து."

"எதுக்கு சிஸ்டர் குத்துனீங்க?"

"உங்களுக்கு ரத்தத்துலயே கோவம் இருக்கான்னு பார்த்தேன். சர்க்கரைதான் இருக்கு."

*

ஒரு அமாவாசை மதியம் எதிர்க்கடையில் ஒரே சத்தம்.

வண்டியை மெதுவாக ஓட்ட வழியில்லை. ரோட்டைத் தாண்டினால் கடை. பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடினோம்.

பொன்னுலிங்கம் பாய்லர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். சட்டை தொப்பலாக வேர்த்திருந்தது. வாய் குளற, டீ குடிக்க வந்தவர்களைத் திட்டிக்கொண்டிருந்தான்.

"பட்டப்பகல்லயே ஏத்திட்டான்" என்றார் ஒருவர்.

எனக்கு மனசு குளிர்ந்தது. இவனுக்கும் ஒரு பேர் கிடைத்துவிட்டது. குவார்ட்டர். நாளையிலிருந்து கூப்பிட வேண்டியதுதான்.

நினைத்து முடிப்பதற்குள் அவன் சரிந்து விழுந்தான். ஒரு ஆள் சோடாவை உடைத்து அவன் வாயில் ஊற்றப் போனார்.

பாட்டிலைத் தட்டிவிட்டேன். "நினைவில்லாதவன் வாயில ஊத்துனா மூச்சுக்குழாய்க்குள்ள போயிரும்வே!"

அவனை ஒருக்களித்துப் படுக்க வைத்தேன். யாரைப் புரட்டுகிறேன் என்பது அப்புறம்தான் நினைவுக்கு வந்தது.

சிஸ்டர் அவன் விரலில் குத்தினார். மிஷின் இருபத்தெட்டு என்று காட்டியது.

"தண்ணி போடலை. சர்க்கரை அடியில போயிட்டு. இன்சுலின் போடுதவரா?"

அவன் மனைவி தங்கக்கனி தலையில் அடித்துக்கொண்டாள்.

"காலைல போட்டுக்கிட்டாவ சிஸ்டர். அமாவாசைல்லா, காக்காய்க்குச் சோறு வச்சு, அது எடுத்த பிறகுதான் சாப்பிடுவாவ. இன்னைக்குன்னு பார்த்து ஒரு காக்காயும் வரலை. மொட்டை மாடியில நின்னு கா கா, கா கான்னு தொண்டை வத்தக் கத்திட்டு, அப்படியே கடைக்கு வந்துட்டாவ."

சிஸ்டர் அதற்குள் அவன் கையில் டிரிப் ஊசியைச் செருகிவிட்டார். பெட்டியிலிருந்து ஒரு குளுக்கோஸ் பாட்டிலை எடுத்து என்னிடம் நீட்டினார்.

"யாருக்கு?"

"இவனுக்கு."

"இவன்னா?"

"டீக்கடைக்காரனுக்கு."

அவர் கை அப்படியே நின்றது. கண் என் வாயைப் பார்த்தது.

தங்கக்கனி கும்பிட்டாள். "சொல்லுங்க அண்ணாச்சி!"

அவன் முகத்தைப் பார்த்தேன். சாம்பல் பூத்துக் கிடந்தது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. இவன் போய்விட்டால் என் பேரை யார் திருப்பித் தருவார்? சாகும்வரை நான் சாவிதான்.

"பொன்னுலிங்கம்!" என்று கத்தினேன். தெருக்கோடி வரை கேட்டிருக்கும். "பொன்னுலிங்கத்துக்கு! டெக்ஸ்ட்ரோஸ், இருபத்தஞ்சு பர்சென்ட், நூறு மில்லி! தேதி அடுத்த வருசம் வரைக்கும் கிடக்கு! போடுங்க சிஸ்டர்!"

போட்டார்.

பாட்டில் இறங்க இறங்க அவன் முகத்தில் நிறம் வந்தது. இமை அசைந்தது. கண்ணைத் திறந்தான்.

நினைவு திரும்பியவர்களிடம் சிஸ்டர் மூன்று கேள்வி கேட்பார். மூன்றுக்கும் சரியாகச் சொன்னால்தான் அவருக்கு நிம்மதி.

"உங்க பேரு என்ன?"

"பொன்னுலிங்கம்."

"இப்ப எங்க இருக்கீங்க?"

"என் கடையிலதான். ஏலே, பால் பொங்குதுலே, எவன் பாக்கான்?"

எழுந்திருக்கப் பார்த்தான். சிஸ்டர் தோளை அமுக்கினார். "படுங்க. மறுபடியும் இறங்கும். சாப்பிட்டுட்டு ஆஸ்பத்திரிக்கு வரணும்."

பிறகு என்னைக் கை காட்டினார். "இவரு யாரு?"

நான் நாலு பேர் கேட்டிருந்தேன், நாற்பது பேர் நின்றார்கள். சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு அவனுக்கு நன்றாகத் தெரிகிற மாதிரி குனிந்தேன்.

என்னையே பார்த்தான். ரொம்ப நேரம் பார்த்தான். கண்ணில் தண்ணீர் கட்டியது.

"நம்ம சாவில்லா" என்றான்.

கூட்டம் கைதட்டியது. தங்கக்கனி அழுகையோடு அழுகையாகச் சிரித்தாள்.

"மூணும் சரி. தெளிஞ்சுட்டாரு" என்றார் சிஸ்டர்.

"எங்க தெளிஞ்சான்?" என்றேன். "மூணாவது தப்பு சிஸ்டர். இன்னொரு பாட்டில் எடுங்க."

சிஸ்டர் பெட்டியைத் திறந்தார். ஒரு பாட்டிலை எடுத்து என் முன்னால் நீட்டினார்.

"யாருக்கு?"