கூவலப்பேரியார் கதவு சுமந்து கருத்துக் கேட்டது

புத்தியைப் பங்கிட்ட அன்றைக்குக் கூவலப்பேரிக்காரர்களும் வரிசையில் நின்றவர்கள்தான். இது எதற்கான வரிசை என்று கேட்டுவர முதலில் நின்றவரை அனுப்பினார்கள். அவரைக் காணோம் என்று அடுத்தவரை அனுப்பினார்கள். இப்படியே போய் வரிசையில் ஆளே இல்லாமல் போயிற்று. அதனால் என்ன, ஊர் நன்றாகத்தான் இருந்தது.

பக்கத்து மேலப்பேரியில் தட்டம்மை என்று சேதி வந்தபோது பூவலிங்கம் பயந்துபோனான். அவன் மகள் தங்கப்பூ இப்போதுதான் சுவரைப் பிடித்து நடக்கப் பழகியிருந்தாள். அவளுக்குத் தடுப்பூசி போடவில்லை. பேச்சை எடுத்தாலே அவன் பெண்டாட்டி பேச்சி “வேண்டாம்” என்று எழுந்து போய்விடுவாள். ஏன் வேண்டாம் என்று அவன் கேட்டதில்லை. கேட்கும்படி யாரும் அவனிடம் சொல்லவில்லையே.

ஊசி முகாம் போட்டால் கூவலப்பேரியில் ஈ காக்கை எட்டிப் பார்க்காது என்பது நர்சு ரெஜினாவுக்குத் தெரியும். அதனால் இந்த முறை முகாமுக்கு முன்னாலேயே ஊரின் மனசைத் தெரிந்துகொள்ளலாம் என்று வந்தார். உதவிக்கு மூன்று பேர் கிடைத்தார்கள். ஒருவன் பூவலிங்கம். இன்னொருவன் சைக்கிளில் உப்பு விற்கும் சங்கையா. மூன்றாவது மாடக்கண்ணு, அவனுக்கு வேலை என்று எதுவும் இல்லாததால் எல்லா வேலைக்கும் வருவான்.

“வீடு வீடாப் போங்க. கதவைத் தட்டுங்க. ஊசி போட என்ன தயக்கம்னு கேளுங்க. அவங்க பேசுறப்ப மறுத்துப் பேசாதீங்க, தலையாட்டிக் கேளுங்க. ஒரு வீட்டையும் விட்டுறாதீங்க. ஆளில்லைன்னா மறுநாளும் போங்க. கேட்டதை எங்கிட்ட வந்து சொல்லுங்க, பதிலை நான் சொல்லிக்கிறேன்,” என்றார் ரெஜினா.

முதல் வீட்டில் ஒச்சம்மா, ஊசி போட்டால் காய்ச்சல் வரும் என்றாள். மூவரும் தலையாட்டினார்கள். அடுத்த வீட்டில் கை சூம்பிப்போகும் என்றார்கள். அதற்கும் ஆட்டினார்கள். மூன்றாவது வீட்டுக்காரர், ஊசி போட்டவனுக்குத் தன் பேரே மறந்துபோகும் என்றார். கழுத்து சுளுக்கும் அளவுக்கு ஆட்டினார்கள். தெருவின் கடைசிக்கு வரும்போது மூவரும் கேட்டதையெல்லாம் நம்பிவிட்டார்கள். சின்ன வயதில் ஊசி போட்டுக்கொண்ட மாடக்கண்ணு மெல்லச் சங்கையாவிடம் தன் பேர் என்ன என்று கேட்டான். சங்கையா சொன்னான். அடுத்தவன் சொல்லித்தானே தெரிந்தது, அப்படியானால் மறந்துபோனது உண்மைதான் என்று மாடக்கண்ணு கலங்கிவிட்டான்.

எல்லாவற்றையும் ரெஜினாவிடம் ஒப்பித்தார்கள். அவர் சிரிக்காமல் கேட்டார். பிறகு வீடு வீடாக நடந்து, லேசாகக் காய்ச்சல் வந்தால் ஓரிரு நாளில் போய்விடும் என்று விளக்கினார். தன் கையில் இருந்த பழைய ஊசித் தழும்பைக் காட்டி, கை சூம்பவில்லை என்பதைப் பார்க்க வைத்தார். தன் பேரையும் சொல்லிக் காட்டினார். பகலில் காட்டு வேலைக்குப் போகிறோம், எப்படி வருவது என்று நிறையப் பேர் கேட்டதால் முகாமைச் சாயங்காலத்துக்கு மாற்றினார். ஊரே சமாதானமாயிற்று.

மிச்சம் இருந்தது கண்மாய்க்கரை. அங்கே வாத்து மேய்ப்பவர்கள் குடிசை போட்டிருந்தார்கள். எந்தக் குடிசைக்கும் கதவு கிடையாது, சாக்குப் படுதாதான். மூவரும் படுதாவின் முன்னால் நின்று யோசித்தார்கள்.

“படுதாவைத் தட்டுனா சத்தம் வரலையே,” என்றான் சங்கையா.

“தட்டாமக் கேட்டா அது கேட்டதா ஆகாது. ஒரு வீட்டையும் விடவும் கூடாது,” என்றான் பூவலிங்கம்.

மாடக்கண்ணு வெகுநேரம் யோசித்துச் சொன்னான்: “அப்ப கதவு இருக்கிற எடத்துல இருந்து கொண்டாந்துருவோம்.”

இவ்வளவு சுலபமான வழி தனக்குத் தோன்றவில்லையே என்று பூவலிங்கம் வெட்கப்பட்டான். பேச்சி களையெடுக்கப் போயிருந்தாள். அவன் தன் வீட்டுக் கதவையே கழற்றிக்கொண்டு வந்தான். கல்யாணத்துக்கு அவன் மாமனார் செய்துகொடுத்த வேப்பமரக் கதவு அது.

இரண்டு பேர் கதவை நிமிர்த்திப் பிடிக்க, ஒருவன் தட்டினான். உள்ளிருந்து வாத்துக்காரி முனியாயி வந்தாள். அவள் நல்ல மனுஷி, சுற்றிக்கொண்டு வராமல் கதவுக்குப் பின்னாலேயே நின்றாள்.

“தொறக்கலாம்ணே, ஆனா தாப்பாள் உங்க பக்கந்தானே இருக்கு,” என்றாள்.

அடுத்தவர் வீட்டுத் தாழ்ப்பாளை வெளியிலிருந்து திறப்பது தப்பு என்பதில் மூவருக்கும் சந்தேகமில்லை. கதவை அப்படியே பிடித்துக்கொண்டு, மூவரும் முனியாயியைச் சுற்றிக் குடிசைக்குள் போய் நின்றார்கள், தாழ்ப்பாளும் கூடவே உள்ளே போயிற்று. இப்போது முனியாயி வெளியே இருந்தாள். அவளே தட்டினாள், அவர்கள் திறந்தார்கள்.

ஊசிக்கு என்ன தயக்கம் என்று கேட்டதற்கு, “தயக்கமெல்லாம் இல்லைண்ணே. இதுவரைக்கும் யாரும் எங்களைக் கூப்பிட்டதே இல்ல,” என்றாள் முனியாயி. மூவரும் போய் இதைச் சொன்னதும் ரெஜினாவுக்கு முகம் வாடிவிட்டது. முகாமைக் கண்மாய்க்கரையிலேயே வைத்துவிட்டார்.

அன்று சாயங்காலம் ஊர்க் குழந்தைகளும் வாத்துக்காரர் குழந்தைகளும் ஊசி போட்டுக்கொண்டார்கள். தங்கப்பூவை மட்டும் காணோம். பூவலிங்கம் ஓடினான். பேச்சி கதவில்லாத வாசலில் பிள்ளையை இடுப்பில் இறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

“ஊரு பூராக் கேட்டீங்க. எங்கிட்ட யாரு கேட்டா?” என்றாள்.

பூவலிங்கத்துக்குச் சுருக்கென்றது. அவன் என்ன செய்வான், கேட்பதற்குத் தன் வீட்டில் கதவு இருந்தால்தானே! கூட்டாளிகளைக் கூப்பிட்டு, கதவைத் தூக்கி வந்து வாசலில் நிறுத்தச் செய்து, முறைப்படி தட்டினான். பேச்சி முறைத்துக்கொண்டே திறந்தாள்.

“அம்மா, வணக்கம். ஊசி போட உங்களுக்கு என்ன தயக்கம்?”

பேச்சி சிரித்துவிட்டாள். பிறகு கண் கலங்கிற்று. “ஊசின்னா எனக்குப் பயமில்ல. அது ஒத்தையா அழுவுமே, அதை என்னால பாக்க முடியாது,” என்றாள்.

பூவலிங்கம் மறுத்துப் பேசவில்லை. தலையாட்டினான். அவனுக்கும் அதே பயம்தான் என்பது தலையாட்டும்போதுதான் அவனுக்கே தெரிந்தது. ரெஜினாவிடம் போய்ச் சொல்வதற்குள் ஊர் கூடி யோசனை செய்தது. பிள்ளை ஒத்தையாக அழுவதுதான் சிக்கல் என்றால், ஊரே கூட அழுதுவிட்டால் தீர்ந்தது.

ரெஜினா பேச்சி வாசலுக்கே வந்து ஊசியை எடுத்ததும் கூவலப்பேரி மொத்தமும் ஓவென்று கதறியது. ஒச்சம்மா மார்பில் அடித்துக்கொண்டாள். சங்கையா தரையில் புரண்டான். இதையெல்லாம் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்த தங்கப்பூ, ஊசி ஏறி இறங்கியதைக் கவனிக்கவே இல்லை. கைதட்டிச் சிரித்தாள். பேச்சி நிம்மதியாகப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டாள்.

எப்போது நிறுத்துவது என்று யாரும் சொல்லாததால் ஊர் அழுதுகொண்டே இருந்தது. சத்தம் மேலப்பேரிவரை போய், அங்கிருந்து மாலையும் கொட்டுமாக ஆட்கள் வந்துவிட்டார்கள். பிள்ளையோடு வந்தவர்களை ரெஜினா உட்கார வைத்துப் பேசி, அந்தப் பிள்ளைகளுக்கும் ஊசி போட்டார்.

“காலமானது யாரு?” என்று மேலப்பேரிக்காரர்கள் கேட்டார்கள்.

“அதைத்தான் நாங்களும் கேக்கணும்னு இருந்தோம்,” என்றான் சங்கையா.

மாலை வாங்கி வந்தவர்களை வெறுங்கையோடு அனுப்புவது மரியாதை இல்லை என்று முடிவாயிற்று. வாசலில் படுத்திருந்தது கதவு ஒன்றுதான். அதற்கு மாலை போட்டு, தோளில் தூக்கி, கொட்டடித்துச் சுடுகாட்டுக்குக் கொண்டுபோனார்கள். பூவலிங்கம் இப்போது நிஜமாகவே அழுதான். நல்ல கதவு.

கொள்ளி வைக்கும் நேரத்தில் அவனுக்கு மனசு கேட்கவில்லை. “ஒரு வாட்டி தட்டிப் பாத்துருவோம்,” என்றான். தட்டினார்கள். எல்லாரும் மூச்சை அடக்கிக் காத்திருந்தார்கள். யாரும் திறக்கவில்லை.

“ஆளில்ல,” என்றான் சங்கையா.

“ஆளில்லைன்னா மறுநாளும் போகணும்,” என்று மாடக்கண்ணு நினைவூட்டினான்.

கொள்ளியை அணைத்து, கதவை அங்கேயே கிடத்திவிட்டுத் திரும்பினார்கள். மறுநாளும் போய்த் தட்டினார்கள், அதற்கு மறுநாளும் தட்டினார்கள். அந்த வீட்டுக்காரர் எந்த நேரம் வீட்டில் இருப்பார் என்று இப்போது அக்கம்பக்கத்துச் சமாதிகளில் விசாரித்து வருகிறார்கள். அங்கே இருப்பவர்கள் ஒன்றும் சொல்வதில்லை. இவர்களும் மறுத்துப் பேசாமல் தலையாட்டிக் கேட்டுக்கொள்கிறார்கள்.