மாசானத்தின் உப்பை இறக்கிய கதை

ஓட்டைப்பாலம் என்ற ஊரில் மாசானம், கொம்பையா, பலவேசம் என்று மூன்று அண்ணன் தம்பிகள் இருந்தார்கள். மூன்று பேருக்குமே கல்யாணம் ஆகவில்லை. எந்தப் பெண்ணோ செய்த புண்ணியம். மூத்தவன் மாசானம்தான் அந்த வீட்டில் யோசிக்கிறவன். மற்ற இருவரும் தலையாட்டுவார்கள்.

ஒருநாள் மாசானத்துக்குத் தலை கிறுகிறுத்தது. டாக்டர் அவன் கையில் பிரஷர் பட்டையைச் சுற்றிப் பார்த்தார்.

"பிரஷர் ரொம்ப ஏறிக் கிடக்கு. இப்படியே விட்டா இதயம் தாங்காது. குழம்புல உப்பைப் பாதியாக் குறைங்க."

வீட்டுக்கு வந்ததும் தம்பிகள் இருவரும் ஓவென்று அழுதார்கள்.

"அண்ணன் போயிட்டா நம்ம வீட்டுல யாருல யோசிப்பா?" என்றான் கொம்பையா.

"அதை யோசிக்கவும் அண்ணன்தானல வேணும்!" என்றான் பலவேசம்.

அன்றைக்கே குழம்பில் பாதி உப்பைக் குறைத்துவிட்டார்கள். குறைத்த உப்பைக் கீழே கொட்ட மனசு வரவில்லை. ரசத்தில் போட்டார்கள். ரசத்தைப் பற்றி டாக்டர் ஒன்றுமே சொல்லவில்லையே!

அடுத்த தடவை போனபோது பிரஷர் இன்னும் கூடியிருந்தது. டாக்டருக்குக் கோபம் வந்துவிட்டது.

"அப்பளம், ஊறுகாய், கருவாடு, எதையும் இனிமே இவர் கண்ணுலயே காட்டக் கூடாது!"

காட்டவில்லை. சாப்பாட்டு நேரத்தில் மாசானத்தின் கண்ணைத் துண்டால் இறுக்கிக் கட்டினார்கள். ஒரு பக்கம் கொம்பையா கருவாட்டை ஊட்டினான். மறுபக்கம் பலவேசம் அப்பளத்தை வாயில் திணித்தான்.

"என்னல, வாய்க்குள்ள நொறுங்குது?"

"ஒண்ணுமில்லண்ணே. உன் பல்லுதான்."

மாசானத்துக்குக் காலும் முகமும் வீங்கின. நாலு படி ஏறினால் மூச்சு வாங்கியது. வேறு வீடாக இருந்தால் பயந்திருப்பார்கள். இவர்கள் கூட்டம் போட்டார்கள்.

பலவேசம் அண்ணனின் பிடரியை நக்கிப் பார்த்தான். "நல்லாக் கரிக்குதுண்ணே. உப்பு உள்ள இறங்கிட்டு."

மாசானம் யோசித்தான். "ஏல, குழம்புல உப்புக் கூடிப்போனா என்ன செய்வோம்?"

"உருளைக்கிழங்கை வெட்டிப் போடுவோம். அது இழுத்துக்கிடும்."

"அப்புறம் என்னல வாயைப் பாத்துக்கிட்டு நிக்கியோ?"

அண்டாவில் தண்ணீர் ஊற்றி மாசானத்தை உட்கார வைத்தார்கள். சுற்றிலும் கிழங்கை வெட்டிப் போட்டார்கள். சூடு இல்லாமல் எப்படி இழுக்கும் என்று அடியில் நாலு சுள்ளியையும் பற்ற வைத்தார்கள். மாசானத்துக்கு வேர்த்துக் கொட்டியது. வேர்வையெல்லாம் அண்டாவுக்குள்ளேயே வடிந்தது. மத்தியானம் கொம்பையா ஒரு கிழங்குத் துண்டை எடுத்துக் கடித்தான்.

"கரிக்குது! நோய் பூராவும் கிழங்குக்குள்ள போயிட்டு!"

சந்தோஷத்தில் கிழங்கையெல்லாம் துண்டில் மூட்டையாகக் கட்டி, அண்ணனோடு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள். டாக்டர் மாசானத்தைப் பார்த்துப் பதறிவிட்டார்.

"இவரை உடனே சேர்க்கணும். ஒரே ஒரு படுக்கைதான் காலியா இருக்கு. சீக்கிரம் படுக்க வைங்க!" என்று நர்ஸைத் தேடி ஓடினார்.

அவர் அந்தப் பக்கம் போனதும் கொம்பையா பட்டையை எடுத்துக் கிழங்கு மூட்டையில் சுற்றினான். நோய் போய்ச் சேர்ந்த இடத்தையும் பார்க்க வேண்டாமா? பலவேசம் டாக்டரின் குழாயைக் காதில் மாட்டி மூட்டையில் வைத்துக் கேட்டான். அவன் முகம் வெளிறிப்போனது.

"அண்ணே… துடிப்பே இல்லண்ணே!"

"நல்லா அழுத்தி வச்சுக் கேளுல!"

"சத்தியமா இல்லண்ணே!"

மாசானம் மூச்சு வாங்கிக்கொண்டே கட்டிலை விட்டு எழுந்தான்.

"எனக்காவது துடிக்குது. இருக்கது ஒரே படுக்கை. தூக்குங்கல!"

நர்ஸ் ஊசியோடு ஓடி வந்தபோது, கட்டிலில் கிழங்கு மூட்டை போர்வைக்குள் படுத்திருந்தது. கொம்பையா விசிறிக்கொண்டிருந்தான். பலவேசம் மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தான். கால் இரண்டும் தூண் மாதிரி வீங்கிய மாசானம், கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றபடி உதட்டில் விரலை வைத்தான்.

"மெதுவா வாங்கம்மா. இப்பதான் கொஞ்சம் கண்ணசந்திருக்கு."